ஐம்பதாவது ஏடு: ஒரு பழைய பிரெஞ்சு வீரகதை நூல் கைக்கு வந்ததும் திரும்பிப் போனதும்

பழைய அச்சு நூல்களுக்கு விவரக்குறிப்பு எழுதித் தருவது என் வேலை. ஏடுகளை எண்ணி, தாளைப் பார்த்து, எது அசல் எது பின்னால் சேர்த்தது என்று எழுதிக் கொடுப்பேன். பிரான்சில் எனக்குத் தெரிந்த ஒரு சேகரிப்பாளர் சில வருடங்களுக்கு முன் வாங்கிய ஒரு நூலைப் பற்றியது இந்தக் குறிப்பு. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவர் பெயர், ஏல நிறுவனம், நூலகம் இருக்கும் ஊர் எதையும் சொல்லப்போவதில்லை. பதிப்பையும் ஓரளவுக்கு மேல் அடையாளம் காட்ட முடியாது. இந்த வகை நூல்களில் உலகம் முழுக்க இரண்டு பிரதி, மூன்று பிரதி என்றுதான் மிஞ்சியிருக்கும், பதிப்பைச் சொன்னாலே ஊர் தெரிந்துவிடும்.

பின்னணி

அவர் ஓய்வுபெற்ற பொறியாளர். இருபது வருடங்களாக ஒரே துறையில்தான் வாங்குகிறார்: இடைக்காலப் பிரெஞ்சு வீரகதைகளின் முதல் நூறு வருட அச்சுப் பதிப்புகள். லான்ஸ்லோ, த்ரிஸ்தான், மெலுசீன், ஏமோனின் நான்கு மகன்கள் மாதிரியான கதைகள். கையெழுத்துச் சுவடியில் பிரபுக்கள் வீட்டில் கிடந்தவை அச்சு வந்ததும் தெருவுக்கு வந்தன.

இதில் மேல்தட்டு ஒன்று உண்டு. 1478-இல் ஜெனீவாவில் ஆதாம் ஸ்டைன்ஷாபர் மரச்செதுக்குப் படங்களோடு அச்சிட்ட மெலுசீன், 1488-இல் ஒரு பகுதி ருவானிலும் மறு பகுதி பாரிஸிலுமாக வெளிவந்த லான்ஸ்லோ, அந்துவான் வெரார் அரசர்களுக்காகக் கன்றுத்தோலில் அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டிக் கொடுத்த பிரதிகள் எல்லாம் அங்கே சேரும். அவை பெரும்பாலும் நூலகங்களில் இருக்கின்றன, தப்பித்தவறி வெளியே வந்தாலும் தனி மனிதர் ஓய்வூதியத்தில் தொடக்கூடிய விலை இல்லை.

அவர் தேடியது அதற்கு அடுத்த தட்டு. பாரிஸில் நோத்ர்தாம் பேராலயத்துக்கு எதிரே ரூ நேவ் நோத்ர்தாம் என்று ஒரு தெரு இருந்தது. இன்று அந்தத் தெரு இல்லை, பேராலயத்தின் முன்வெளியில் கரைந்துவிட்டது. த்ரெப்பெரல், லோத்ரியான், போன்ஃபோன் என்று தலைமுறை தலைமுறையாக அச்சகக் குடும்பங்கள் அங்கே கடை போட்டு, தாளை நான்கு ஏடாக மடித்த சின்ன குவார்ட்டோ அளவில், பக்கத்துக்கு இரண்டு பத்தியாக, பழைய கறுப்பு கோதிக் எழுத்தில் இந்தக் கதைகளை அச்சிட்டுத் தள்ளின. கற்றவர்களுக்கான நூல்கள் ரோமன் எழுத்துக்கு மாறி வெகுநாள் ஆன பிறகும், 1550களில்கூட, வீரகதைக்கு கோதிக்தான் என்று இருந்தார்கள். தேய்ந்துபோன படக்கட்டைகளையே ஒரு கதையிலிருந்து இன்னொரு கதைக்கு மாற்றிப் போட்டார்கள், ஒரே குதிரைவீரன் ஒரு நூலில் ஹுவோன், இன்னொன்றில் ஓஜியே.

விலை மலிவு, வாங்கினவர்கள் படித்தார்கள், படித்தவர்கள் அடுத்தவருக்குக் கொடுத்தார்கள், கடைசியில் தாள் நைந்து அடுப்புக்கோ மளிகைக்கடைக்கோ போனது. வெராரின் கன்றுத்தோல் பிரதிகள் தப்பித்ததற்கு முக்கியக் காரணம் யாரும் அவற்றை அதிகம் புரட்டவில்லை என்பதுதான். மலிவுப் பதிப்புதான் இன்று அரிது, எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயமும் அதுதான்.

இந்த நிகழ்வில் வரும் நூல் ஹுவோன் த போர்தோ, போன்ஃபோன் குடும்பத்துக் கோதிக் பதிப்புகளில் ஒன்று, ஆண்டு போடாதது. கதை 13-ஆம் நூற்றாண்டில் செய்யுளாக இருந்தது, 15-ஆம் நூற்றாண்டில் உரைநடையானது. நமக்குத் தெரிந்த முதல் அச்சு 1513-இல் பாரிஸில் மிஷேல் ல நுவார் போட்டது. காட்டில் ஹுவோனுக்குத் துணை வரும் குள்ள மன்னன் ஓபெரோன், பெர்னர்ஸ் பிரபுவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகத்தான் ஷேக்ஸ்பியரிடம் போய்ச் சேர்ந்தான். 16-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மொந்தேன், லான்ஸ்லோ, அமாதிஸ், ஹுவோன் மாதிரி சிறுவர்கள் பொழுதுபோக்கும் நூல்களின் பெயர்கூடத் தனக்குச் சின்ன வயதில் தெரியாது என்று எழுதிவைத்தார். எல்லோர் கையிலும் இருந்த நூல் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஏலத்துக்கு முன்

ஒரு மாகாண நகரத்தில், ஒரு வீட்டின் பொருள்களை மொத்தமாக ஏலம் விட்டார்கள். மேசை நாற்காலி, வெள்ளிப் பாத்திரங்களோடு ஒரு அலமாரி நூல்களும் இருந்தன. விலைப்பட்டியலில் நூலுக்கு ஐந்து வரி: 19-ஆம் நூற்றாண்டு சிவப்பு மொராக்கோ தோல் பைண்டிங், தலைப்பு ஏட்டின் அடியில் பழைய ஒட்டு, கடைசி ஏட்டில் சிறு பழுது, சில புழுத்துளைகள், மற்றபடி முழுமையான பிரதி.

பட்டியல் அவர் கண்ணில் பட்டபோது ஏலத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. தலைப்புப் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டின் படத்தைக் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "முதல் ஏடும் கடைசி ஏடும் அடிபடுவது சகஜம், நூலுக்குப் பைண்டிங் இல்லாமல் கிடந்த காலத்தில் வெளியே இருப்பவை அவைதானே, கவலைப்பட ஒன்றுமில்லை." சொன்னது பொதுவாக உண்மைதான். ஆனால் மொராக்கோ போட்டு நூற்றைம்பது வருடம் பத்திரமாக இருந்த ஒரு நூலில் அந்த ஒட்டு பைண்டிங்குக்கு முந்தியதா பிந்தியதா என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

அவர் முந்தின நாள் ரயிலேறிப் போய்ப் பார்வை நேரத்தில் நூலைக் கையில் எடுத்துப் பார்த்தார். கூட்டம், வெளிச்சம் குறைவு, கால் மணி நேரம்தான் கிடைத்தது. ஏடுகளை எண்ணினார். இருநூற்றுச் சொச்சம் ஏடு, குறிப்பு நூலில் போட்டிருந்த எண்ணிக்கையோடு சரியாக இருந்தது. மடிப்புக் குறிகளும், அதாவது ஒவ்வொரு மடிப்பின் (ஒன்றாக மடித்துத் தைத்த ஏடுகளின் கட்டு) முதல் ஏடுகளின் அடியில் இருக்கும் எழுத்தும் எண்ணும், வரிசையாக வந்தன. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

உலகப் பழநூல் வணிகர் கூட்டமைப்பின் காணாமல் போன நூல்கள் பதிவேட்டையும் அன்று இரவு தேடிப் பார்த்திருக்கிறார், ஒன்றும் வரவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அவர் கவனக்குறைவாக வாங்கியவர் இல்லை. வழக்கமாக ஒரு நல்ல சேகரிப்பாளர் செய்வதையெல்லாம் செய்தார்.

ஏலம்

பிரான்சில் ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுத்தியல் விழுந்ததும் அரசின் சார்பில் வந்திருப்பவர் எழுந்து, இந்தப் பொருளை அதே விலைக்கு அரசு எடுத்துக்கொள்கிறது என்று சொல்லலாம், அதை உறுதிப்படுத்தப் பதினைந்து நாள் அவகாசம். சேகரிப்பாளர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நொடி அது. அன்று யாரும் எழுந்திருக்கவில்லை. 14,000 யூரோவுக்கு நூல் அவருக்கு விழுந்தது, கட்டணம் எல்லாம் சேர்த்து 17,500 ஆனது.

மேசையில் வைத்துப் பார்த்தபோது

அந்தக் குளிர்காலத்தில் தன் சேகரிப்பு முழுவதற்கும் விவரக்குறிப்பு எழுதச் சொல்லி என்னை அழைத்தார். ஹுவோன் என் மேசைக்கு வந்தது நான்காவது நாள்.

குவார்ட்டோ என்றால் ஒரு முழுத் தாளை இரண்டு முறை மடித்து நான்கு ஏடாக்குவது. கையால் செய்த பழைய தாளை வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றிரண்டு விரல் இடைவெளியில் கோடுகள் தெரியும், தாள் வடிக்கும் சல்லடையின் கம்பித் தடம் அது, சங்கிலிக் கோடு என்போம். தாளை ஒரே முறை மடிக்கும் ஃபோலியோவில் அவை மேலிருந்து கீழாக ஓடும், குவார்ட்டோவில் இன்னொரு மடிப்பு விழுவதால் படுக்கையாக ஓடும். ஆகவே குவார்ட்டோ நூலைக் கையில் எடுத்தால் ஒவ்வொரு ஏட்டையும் ஒரு மெல்லிய விளக்குத் தகட்டின் மேல் வைத்து, கோடு படுக்கையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போவேன். சலிப்பான வேலை. இருநூறு ஏட்டுக்கு ஒரு முழுப் பகல் ஆகும்.

பதின்மூன்றாவது மடிப்பில், இரண்டாவது ஏட்டில் கோடு நின்றுகொண்டிருந்தது.

முதலில் விளக்கைத் திருப்பி வைத்துவிட்டேனோ என்று நினைத்தேன். முந்தின ஏட்டைப் பார்த்தேன், படுக்கை. அடுத்த ஏட்டைப் பார்த்தேன், படுக்கை. நடுவில் இது மட்டும் நெட்டுக்குத்தாக. சரி, வேறு ஏதாவது இருக்கிறதா என்று அடுத்து நீர்க்குறியை, அதாவது தாளுக்குள் தெரியும் தாள் செய்தவரின் அடையாளத்தை, தேடினேன். நான்கு ஏட்டு மடிப்பில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே துண்டுத் தாள், நடுவில் மடித்துத் தைத்தது. மூன்றாவது ஏட்டில் தையல் ஓரமாக ஒரு பானையின் அடிப்பாதி தெரிந்தது. 16-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தாளில் அடிக்கடி வரும் நீர்க்குறி. அப்படியானால் மேற்பாதி இரண்டாவது ஏட்டில் இருந்தாக வேண்டும். இல்லை. தையல் பக்கம் விரலால் தடவினால் மூன்றாவது ஏட்டிலிருந்து நான்கைந்து மில்லிமீட்டர் நறுக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, அதன் மேல் இந்த ஏட்டை ஒட்டியிருந்தார்கள். மிக நேர்த்தியான ஒட்டு.

இன்னொன்றும் கவனித்தேன். கீழ் ஓரத்தில் ஒரு புழு பதினோராம் மடிப்பில் நுழைந்து பதினான்காம் மடிப்பில் வெளியேறியிருந்தது, கடுகளவு துளை, ஏட்டுக்கு ஏடு மயிரிழை நகர்ந்துகொண்டே போகிறது. இந்த ஏட்டில் மட்டும் துளை இல்லை. புழு ஓர் ஏட்டைத் தாண்டிக் குதித்துப் போகாது.

எழுத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் மை தாளின் மேல் சமமாகப் படிந்திருந்தது. அச்சுக்கட்டை அழுத்தினால் பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்படும் புடைப்பு இல்லை. பழைய ஃபோலியோ நூல் ஒன்றிலிருந்து எடுத்த வெற்றுத் தாளில், வேறு பிரதியின் படத்தை வைத்து நகல் எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள் என்பது என் முடிவு. கோடு நெட்டுக்குத்தாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

நகல் ஏடு இருப்பது இந்தத் துறையில் புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் பெரிய சேகரிப்பாளர்கள் குறையுள்ள பிரதியை வைத்திருக்கக் கூச்சப்பட்டார்கள். லண்டனில் ஜான் ஹாரிஸ் பேனாவால் ஒரு புள்ளி பிசகாமல் ஏடுகளை வரைந்து கொடுத்தார், பாரிஸில் ஆதாம் பிலின்ஸ்கி கல்லச்சு முறையில் செய்து கொடுத்தார். அப்போதே விவரக்குறிப்பில் "50-ஆவது ஏடு நகல்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த நூலுக்குப் போயிருக்கலாம். பாதி எழுதியும் விட்டேன்.

ஒரே ஒரு கேள்விதான் நிறுத்தியது. இந்த ஏடு ஏன் காணாமல் போனது? முதல் ஏடு போகும், கடைசி ஏடு போகும், படம் உள்ள ஏட்டைக் குழந்தைகள் கிழிப்பார்கள், அட்டவணை போகும். நடு நூலில், படமில்லாத, முன்னும் பின்னும் இருக்கும் ஏடுகளில் ஒரு கறைகூட இல்லாத இடத்தில், ஒரே ஓர் ஏடு மட்டும் எப்படிப் போகும்?

மூன்று பழுதும் ஒன்றாக

அன்று சாயங்காலம் அவரைக் கூப்பிட்டு மேசையில் உட்காரவைத்து முதலிலிருந்து பார்த்தோம். தலைப்பு ஏட்டின் அடியில் ஒட்டு, நாணய அளவில் முட்டை வடிவம். கடைசி ஏட்டின் அடியில் தாள் ஒரு இடத்தில் மட்டும் மெலிந்திருக்கிறது, சுரண்டியிருக்கிறார்கள். முன்னட்டையின் உட்புறத்தில் ஒரு செவ்வகம் சுற்றிலும் உள்ள பளிங்குத் தாளைவிட நிறம் கூடியிருக்கிறது, அங்கே ஏதோ சீட்டு வெகுகாலம் ஒட்டியிருந்து பிறகு எடுக்கப்பட்டிருக்கிறது. முதுகில் கடைசிக் கட்டத்திலும் தோலின் சிவப்பு ஒரு சின்னச் சதுரத்தில் மங்காமல் இருந்தது.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அப்பாவிக் காரணம் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காரணம்தான் பொருந்தும். முதல் ஏட்டிலும் கடைசி ஏட்டிலும் நூலகம் முத்திரை குத்தும். முதுகில் அடுக்கு எண் ஒட்டும். அட்டை உள்ளே நன்கொடையாளர் சீட்டு இருக்கும். பல நூலகங்கள் வெளியில் சொல்லாமல் நடுவில் ஒரு குறிப்பிட்ட ஏட்டிலும் ஒரு முத்திரை குத்திவைக்கும், திருடனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக.

அவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "புற ஊதா விளக்கு வைத்திருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

இருட்டறையில் கடைசி ஏட்டின் மேல் விளக்கைப் பிடித்தோம். சுரண்டினால் மை போகும், ஆனால் மையின் எண்ணெய் தாளுக்குள் ஊறியது அவ்வளவு எளிதில் போகாது. முட்டை வடிவம் ஒன்று சாயலாகத் தெரிந்தது, மேல் வளைவில் நூலகம் என்ற பிரெஞ்சுச் சொல்லின் நடு எழுத்துகள், கீழ் வளைவில் ஓர் ஊர்ப் பெயரின் கடைசி மூன்று எழுத்து.

எந்த நூலகம்

முத்திரை இருந்தால் உடனே களவு என்று முடிவுகட்ட முடியாது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மடங்களிலும் ஓடிப்போன பிரபுக்கள் வீட்டிலும் பறித்த நூல்கள் 1803-இல் ஊர்களின் பொறுப்பில் விடப்பட்டன, ஒரே நூல் மூன்று நான்கு பிரதி சேர்ந்த இடங்களில் மிகுதியை 19-ஆம் நூற்றாண்டில் முறையாகவே விற்றார்கள். அப்படி விற்ற நூலில் முத்திரையை விட்டுவைத்து, விற்கப்பட்டது என்று இன்னொரு முத்திரை குத்துவார்கள். யாரும் சுரண்ட மாட்டார்கள். மறுபக்கம், முத்திரையைச் சுரண்டும் கலைக்கு பிரான்சில் பழைய வரலாறு உண்டு. அரசே நூலகங்களைப் பார்வையிட அனுப்பிய குல்யெல்மோ லீப்ரி வழியெல்லாம் சுவடிகளைச் சுருட்டி 1850-இல், ஆள் இங்கிலாந்துக்குப் போய்விட்ட பிறகு, பத்து வருடச் சிறைத்தண்டனை பெற்றார்.

அந்த மூன்று எழுத்தில் முடியும் ஊர்கள் பல. பழைய நகர நூலகங்கள் 19-ஆம் நூற்றாண்டில் அச்சிட்ட விவரப்பட்டியல்கள் பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் படமாகக் கிடைக்கின்றன. மூன்று இரவு உட்கார்ந்து பார்த்தோம். மூன்றாவது இரவில் கிடைத்தது: ஹுவோன், போன்ஃபோன், குவார்ட்டோ, கோதிக் எழுத்து, சிவப்பு மொராக்கோ. பக்கத்திலேயே, அந்த ஊரைச் சேர்ந்த ஒருவர் தன் நூல்களை நகரத்துக்கு எழுதிவைத்தவற்றில் ஒன்று என்ற குறி.

அதே நூலகத்தின் இன்றைய மின்பட்டியலில் அந்தத் தலைப்பு இல்லை. உலக அளவில் பழைய அச்சுகளைத் தொகுக்கும் தளத்திலும் அந்த ஊர்ப் பிரதி பதிவாகவில்லை. அதனால்தான் ஏலத்தின்போது யாருக்கும் மணி அடிக்கவில்லை. காணாமல் போனது என்று தெரிந்தால்தானே பதிவேட்டில் ஏறும்.

எடுத்த முடிவும் காரணமும்

இந்த இடத்தில் அவர் முன்னால் மூன்று வழி இருந்தது. மூன்றையும் அவர் வாய்விட்டே பேசினார், அதற்காக அவரை மதிக்கிறேன்.

ஒன்று, பேசாமல் வைத்துக்கொள்வது. நல்லெண்ணத்தோடு பொது ஏலத்தில் காசு கொடுத்து வாங்கியவர். சாதாரணப் பொருளானால் பிரெஞ்சு உரிமையியல் சட்டம் அவர் பக்கம்தான் நின்றிருக்கும், களவு போன பொருளைக்கூட மூன்று வருடம் தாண்டினால் கேட்க முடியாது. ஆனால் பொது நூலகத்தின் அரிய நூல் பொதுச் சொத்து. அதை விற்கவும் முடியாது, எத்தனை வருடம் ஆனாலும் அதன் மேல் உரிமை காலாவதியாகவும் செய்யாது. சார்த்ர் பேராலயத்தின் பழைய கல் தடுப்பின் ஒரு துண்டைப் பற்றிய வழக்கில், நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கும் இது பொருந்தும் என்று 2018 அக்டோபர் 26-இல் அரசியலமைப்பு மன்றம் சொல்லிவிட்டது. ஆக, வைத்துக்கொண்டாலும் அது அவருடையது ஆகாது. அவர் காலத்துக்குப் பின் பிள்ளைகள் விற்கப்போகும்போது பிரச்சினை அவர்கள் தலையில் விழும்.

இரண்டாவது, ஏல நிறுவனத்திடம் "நகல் ஏடு இருப்பதை மறைத்தீர்கள்" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்வது. ஏலம் நடந்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் வழக்குப் போடலாம், காலம் இருந்தது. எனக்கு முதலில் தோன்றியதும் இந்த வழிதான், அதை மறைக்க விரும்பவில்லை. அவர்தான் மறுத்தார். "நான் திருப்பிக் கொடுத்தால் அடுத்த ஏலத்தில் 'ஓர் ஏடு நகல்' என்று சேர்த்து இன்னொருவருக்கு விற்பார்கள். நமக்குத் தெரிந்ததை இனித் தெரியாததாக ஆக்க முடியாது" என்றார்.

மூன்றாவது வழியைத்தான் எடுத்தார், முதலில் நூலகத்துக்கு எழுதுவது. அதிலும் ஒரு வரிசை வைத்துக்கொண்டோம். எழுதுவதற்கு முன் நூலின் ஒவ்வொரு ஏட்டையும், புற ஊதா வெளிச்சத்தில் தெரிந்ததையும் தேதியோடு படமெடுத்து வைத்தோம். நூலில் எதையும் கழற்றவில்லை, ஒட்டைத் திறக்கவில்லை. ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசி, பாதுகாப்பாக வைத்திருக்கிறேன், உரிமை கோரவில்லை, சரிபார்க்க வேண்டுகிறேன் என்ற மாதிரி கடிதத்தை எழுதினார். ஏல நிறுவனத்துக்கு அதே நாளில் தனிக் கடிதம்.

பிறகு நடந்தது

நூலகத்திலிருந்து பத்தே நாளில் பதில் வந்தது. பழைய நூல் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி பேசினார். நடுவில் முத்திரை குத்தும் வழக்கம் உங்களிடம் உண்டா என்று மட்டும் கேட்டோம், எந்த ஏடு என்று நாங்கள் சொல்லவில்லை. அவர் போய் மற்ற நூல்களை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொன்னார்: நன்கொடையாக வந்த நூல்கள் எல்லாவற்றிலும் ஐம்பதாவது ஏட்டில், எழுத்தின் மேலேயே குத்தியிருக்கிறார்கள்.

பதின்மூன்றாம் மடிப்பின் இரண்டாவது ஏடு ஐம்பதாவது ஏடு. ஓரத்தில் குத்தியிருந்தால் ஒட்டுப் போட்டிருப்பார்கள், எழுத்தின் மேல் இருந்ததால் ஏட்டையே மாற்றியிருக்கிறார்கள்.

நன்கொடை வந்தபோது எழுதிய கைப்பிரதிப் பட்டியலும் அவர்களிடம் இருந்தது. அதில் இந்த நூலுக்கு எதிரே, உள்ளே ஓர் ஏட்டின் ஓரத்தில் 1611 என்ற வருடத்தோடு ஒரு பெண்ணின் பெயர் எழுதியிருக்கிறது என்று குறித்திருந்தார்கள். அந்தப் பெயர் நூலில் இருக்கிறது. பழுப்பு மையில், தடுமாறும் கையெழுத்தில், ஓபெரோன் முதன்முதலாகக் காட்டில் தோன்றும் பக்கத்தில். வாங்கிய நாளிலிருந்து சேகரிப்பாளருக்கு நூலிலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான். தனக்குப் பிடித்த வரியே நூல் தன்னுடையது இல்லை என்பதற்குச் சாட்சியானதை அவர் பல முறை என்னிடம் சொன்னார்.

நூலகம் புகார் கொடுத்தது, கலைப்பொருள் கடத்தலைக் கவனிக்கும் காவல் பிரிவு வந்து வாக்குமூலம் வாங்கியது. நூலை விற்கக் கொடுத்தவர்கள் ஓர் இறந்தவரின் வாரிசுகள். இறந்தவர் அதை 1970களில் ஒரு சந்தையில் வாங்கியதாக வீட்டுக் கணக்கேட்டில் ஒரு வரி, அதற்கு முன்னால் எதுவும் கிடைக்கவில்லை. யார் எடுத்தார்கள், யார் ஏட்டை மாற்றினார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

ஏல நிறுவனம் முதலில், பழுதுகளைப் பட்டியலில் குறிப்பிட்டிருந்தோமே என்று எழுதியது. புகாரின் நகல் போனதும் தொனி மாறியது. விற்பனை ரத்தாகி, சுத்தியல் விலையும் கட்டணமும் ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தன. நூலுக்குப் பெட்டி செய்த செலவு, வழக்கறிஞர் கட்டணம், பயணம் எல்லாம் அவர் கையிலிருந்து போனதுதான்.

நூலை அவரே ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். நானும் போயிருந்தேன். ஒட்டையும் நகல் ஏட்டையும் அப்படியே வைத்திருப்பது என்று நூலகம் முடிவு செய்தது, அவையும் இப்போது நூலின் வரலாறு என்பதால். நகல் ஏட்டின் ஓரத்தில் அது நகல் என்று பென்சிலால் ஒரு வரி எழுதினார்கள். முன்னட்டையில் இருந்த செவ்வகத் தடத்தில், அதே நன்கொடையாளரின் வேறொரு நூலில் இருந்த சீட்டை வைத்துப் பார்த்தார் அந்தப் பெண்மணி. நான்கு ஓரமும் பொருந்தியது.

இப்போது செய்யும் விதம்

அவர் வாங்குவதை நிறுத்தவில்லை. ஆனால் ஏலத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கண்ணில் பட்ட நூலை இனி வாங்குவதில்லை, எவ்வளவு அரிதானாலும். குறைந்தது இரண்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்து பார்க்க விடாத இடத்தில் கையைத் தூக்குவதில்லை. சட்டைப்பையில் அடங்கும் விளக்குத் தகடு ஒன்றும் சின்னப் புற ஊதா விளக்கு ஒன்றும் கூடவே வைத்திருக்கிறார்.

என் பக்கம் மாறியது அதைவிட அதிகம். முன்பெல்லாம் பழுதைப் பார்த்தால் எவ்வளவு பெரிது, விலையில் எவ்வளவு குறையும் என்றுதான் கணக்குப் போடுவேன். இப்போது அது ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் கேட்கிறேன். ஏடுகளை எண்ணுவதையும் மடிப்புக் குறியைச் சரிபார்ப்பதையும் நான் நம்புவதில்லை என்று அர்த்தமில்லை, ஆனால் நல்ல நகல் ஏடு அந்த இரண்டிலும் தேறிவிடும், தாளில்தான் தோற்கும். படத்தை மட்டும் பார்த்துத் தொலைபேசியில் கருத்துச் சொல்வதை அடியோடு விட்டுவிட்டேன். இந்த நிகழ்வில் நேர்ந்த முதல் தவறு என்னுடைய அந்த ஒரு நிமிடப் பேச்சுதான், நான் அன்று "போய் நடு ஏடுகளை வெளிச்சத்தில் பாருங்கள்" என்று சொல்லியிருந்தால் அவர் பார்வை நேரத்திலேயே கண்டுபிடித்திருப்பார்.

நூலகமும் ஒன்று செய்தது. நன்கொடையாக வந்த நூல்களை 19-ஆம் நூற்றாண்டுப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இன்னும் நான்கு இல்லை, எல்லாமே வீரகதைகள். அந்த நான்கும் இப்போது பதிவேட்டில் ஏறிவிட்டன.

அசல் ஐம்பதாவது ஏடு என்னவாயிற்று என்று தெரியாது. எரித்திருக்கலாம். பழைய நூலின் ஒற்றை ஏட்டைச் சட்டம் போட்டு விற்கும் கடைகளுக்கும் பஞ்சமில்லை என்பதால், இருக்கவும் இருக்கலாம். குவார்ட்டோ அளவு, இரண்டு பத்தி, கோதிக் எழுத்து, படம் கிடையாது, கீழ் ஓரத்தில் கடுகளவு ஒரு புழுத்துளை, வெளிச்சத்தில் பிடித்தால் தையல் ஓரத்தில் பானையின் மேற்பாதி. சேகரிப்பாளர் இப்போது எந்தப் பழைய நூல் கடைக்குப் போனாலும் முதலில் ஒற்றை ஏடுகள் இருக்கும் பெட்டியைத்தான் திறக்கிறார்.